ஆர்க்கைவ்: காப்பகமா, ஆவணகமா?

என் அக்கா மகள் கோலாலம்பூரில் நூலகவியல் படிக்கிறாள். விடுமுறைக்குப் பினாங்கு வந்தபோது தமிழ் மாணவர் மலருக்கு எழுதிய கட்டுரை ஒன்றை எங்கள் வீட்டு மேசையில் வைத்துவிட்டு மீ கோரிங் வாங்கப் போயிருந்தாள். தலைப்பு: ‘பால்புதுமையர் காப்பகத்தில் மாணவர் பணி’. பால்புதுமையர் என்றால் ஆங்கிலத்தில் ‘குயர்’: ஒருபால் ஈர்ப்பினர், திருநங்கையர் போன்றோர். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். “பாவம், எத்தன பேரு அங்க தங்கியிருக்காங்க? சாப்பாடெல்லாம் ஒழுங்கா போடுறாங்களா?”

அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. முதியோர் காப்பகம், ஆதரவற்ற சிறுவர் காப்பகம், மனநலக் காப்பகம் என்றுதான் அந்தச் சொல் நம் காதில் விழுகிறது. முன்னால் ‘ஆவண’ என்று ஒட்டாமல் காப்பகம் என்று மட்டும் எழுதினால் உள்ளே ஆட்கள் இருப்பதாகத்தான் யாரும் நினைப்பார்கள். வேறு இடத்தில் இதைச் சிரித்துவிட்டுப் போகலாம். பெண்மைச் சாயல் தெரிகிறது என்று 2011இல் திரெங்கானுவில் 66 பள்ளிப் பையன்களை ‘திருத்தும்’ முகாமுக்கு அனுப்பிய நாடு இது. இங்கே ‘பால்புதுமையர் காப்பகம்’ என்ற தலைப்பு சொல்லவந்ததற்கு நேர் எதிரான இடத்தில் வாசகரைக் கொண்டுபோய் விட்டுவிடும்.

அவள் எழுத நினைத்தது பழைய ஆவணங்களைப் பாதுகாத்து வைக்கும் ஆர்க்கைவ் பற்றி. மலாயில் ‘ஆர்கிப்’. தேசிய ஆவணக் காப்பகமான ‘ஆர்கிப் நெகாரா’ 1957இல் பொதுப் பதிவேட்டு அலுவலகமாகத் தொடங்கி 1963இல் இந்தப் பெயருக்கு வந்தது. சொல்லின் ஊற்று கிரேக்கம். ‘ஆர்க்கே’ என்றால் தொடக்கம். ஆட்சி என்றும் பொருள். ஆட்சி செய்தவர் ‘ஆர்க்கோன்’, அவர் இருந்து அலுவல் பார்த்த மனை ‘ஆர்க்கெயோன்’. ஊரின் பத்திரங்கள் அங்கே இருந்ததால், வீட்டின் பெயர் மெல்லப் பத்திரங்களுக்கும் ஆகிவந்தது. அப்புறம் லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று பயணப்பட்டு மலாய் வழியாக நம் பேச்சுக்குள் வந்துவிட்டது. ஆக, இது பிறந்ததே அதிகாரியின் வீட்டில்.

தமிழ்ச் சொல்லும் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை இல்லை. ‘ஆவணம்’ என்பதற்குப் பழைய பொருள்களில் ஒன்று கடைத்தெரு. ஆவண வீதி என்றால் அங்காடித் தெரு. வடமொழியின் ‘ஆபண’த்தோடு இதைச் சேர்த்துப் பார்ப்பார்கள். இன்னொரு பொருள் உரிமைப் பத்திரம். இந்தப் பொருளுக்குச் சேக்கிழாரை விட நல்ல சாட்சி கிடையாது. சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு ஒரு கிழவர் வந்து, “நீ எனக்கு அடிமை, இதோ ஆளோலை” என்று நீட்டுகிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்ற மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறார்கள் அவையோர். அதாவது அனுபவ பாத்தியம், பத்திரம், சாட்சி. கிழவர் பதறவே இல்லை. கிழிந்தது படியோலைதான், மூலஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்கிறார்.

அதற்கு அடுத்த காட்சிதான் எனக்கு வேண்டியது. ஓலையில் இருப்பது அதை எழுதிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் சுந்தரரின் பாட்டனார் கையெழுத்துதானா என்று பார்க்க, அவர் எழுதிய வேறோர் ஓலையை ‘அரண்தரு காப்பில்’ இருந்து வரவழைத்து இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். பாதுகாப்பான இடத்தில் வைத்து, கேட்டபோது எடுத்து, சரிபார்ப்பது. 12ஆம் நூற்றாண்டுப் பாட்டுக்குள் ஓர் ஆர்க்கைவ் வேலை செய்வதை வேறு எப்படிச் சொல்வது? ஆனால் அங்கேயும் ஓலை பேசியது ஆண்டவன் பக்கம். அடிமையின் கையில் ஓர் ஓலையும் இல்லை.

இனி மருமகளின் கட்டுரைக்கு வருகிறேன். அவள் எடுத்துக்கொண்டது அமெரிக்காவில் இருக்கும் எல்ஜிபிடிக்யூ ஆர்க்கைவ்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் ‘ஒன்’ என்ற அமைப்பு 1952இல் தொடங்கியது. அவர்களுடைய இதழை ஆபாசம் என்று சொல்லி 1954இல் தபாலில் எடுத்துக்கொள்ள மறுத்தார்கள். 1958இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. அவர்கள் சேர்த்து வைத்த சேகரிப்பு இன்று தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. நியூயார்க்கின் லெஸ்பியன் ஹெர்ஸ்டரி ஆர்க்கைவ்ஸ் 1974இல் மன்ஹாட்டனில் ஒரு குடியிருப்பு வீட்டில் தொடங்கி, பின்னர் புரூக்ளினில் சொந்த வீட்டுக்குப் போனது. ஆர்க்கோன் மனையில் பிறந்த சொல், அதிகாரத்துக்குப் பயந்து வாழ்ந்தவர்களின் வீட்டு அலமாரிக்கு வந்து சேர்ந்த கதை இது.

இப்படிப்பட்ட இடங்களில் மாணவர்கள் செய்யும் வேலைக்கு ஆங்கிலத்தில் ‘டிஸ்கிரிப்ஷன்’ என்று பெயர். மருமகள் இதை ‘வருணனை’ என்று எழுதியிருந்தாள். நிலவை வருணிக்கலாம், மல்லிகையை வருணிக்கலாம். அட்டைப்பெட்டியை வருணித்தால் யாரும் கடிதத்தைக் கண்டுபிடிக்க முடியாது. ‘விவரிப்பு’ போதும்.

வேலை எப்படி என்று அவள் செய்தே காட்டினாள். எங்கள் வீட்டு கோங் குவான் பிஸ்கட் தகரத்தை மேசையில் கவிழ்த்தாள். உள்ளே கடிதங்கள், கல்யாணப் பத்திரிகைகள், ஒரு பழைய பஸ் டிக்கெட். முதலில் எதையும் தேதிவாரியாக அடுக்கத் தோன்றும், கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றாள். வைத்திருந்தவர் எந்த வரிசையில் வைத்தாரோ அதுவே ஒரு தகவல். ஒருவரிடமிருந்து வந்ததை இன்னொருவருடையதோடு கலக்கவும் கூடாது. 1841இலேயே பிரான்சில் இதை விதியாக்கிவிட்டார்கள். துருப்பிடித்த கிளிப்புகளைக் கழற்றி, அமிலம் இல்லாத உறைகளில் போட்டு, உறையின் மேல் பென்சிலால் எழுத வேண்டும். பேனா கூடவே கூடாது. கடைசியில் ஒரு பட்டியல்: இது யாருடையது, எப்படி வந்தது, எத்தனை அடி நீள அலமாரியைப் பிடிக்கும், எந்தப் பெட்டியில் எந்த உறை. ‘பெட்டி 2, உறை 7: கடிதங்கள், பெயர் குறிக்கப்படாதவர், 1961–1964’ என்கிற மாதிரி. ஆங்கிலத்தில் ‘ஃபைண்டிங் எய்ட்’ என்பது இந்தப் பட்டியலைத்தான். ‘கண்டுபிடிப்பு உதவி’ என்று மொழிபெயர்த்தால் விஞ்ஞானிக்குக் கொடுக்கும் மானியம் போல இருக்கிறது. நான் ‘தேடுதுணை’ என்றேன். வழித்துணை இருக்கும்போது தேடுதுணை இருக்கக்கூடாதா?

அந்த ‘பெயர் குறிக்கப்படாதவர்’ சும்மா வந்ததில்லை. ஒருபால் உறவைத் தண்டிக்கும், பிரிட்டிஷார் விட்டுப்போன 377ஆம் பிரிவின் வழிவந்த விதிகள் இன்னும் தண்டனைச் சட்டத்தில் இருக்கும் நாட்டில் நாமே இப்படி ஒரு பட்டியல் போடுவதாக இருந்தால், கடிதம் எழுதியவர் உயிரோடு இருக்கிறாரா என்று யோசிக்காமல் பெயரைப் போட்டுவிட முடியாது. எதைச் சொல்லாமல் விடுவது என்பதும் விவரிப்பில் சேர்த்தி.

பெயர் என்றதும் ஒன்று. நான் சொன்ன நியூயார்க் ஆர்க்கைவில் புத்தகங்களை ஆசிரியரின் முதற்பெயர் வரிசையில் அடுக்குகிறார்கள். குடும்பப் பெயர் தகப்பன் வழியாகவோ கணவன் வழியாகவோ வருவது என்பதால் அதை ஒதுக்கிவிட்டார்கள். அங்கே அது ஒரு கலகம். நமக்கு அது அன்றாடம். தமிழர் பெயரை வேறு எப்படி அடுக்குவது? நம் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மலேசியத் தமிழர் அடையாள அட்டையில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவில் ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ நிற்கும். இன்னார் மகன், இன்னார் மகள். அட்டை எண்ணின் கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. ஒரு திருநங்கையின் கடிதக் கட்டை விவரிக்க உட்கார்ந்தால் முதல் வரியிலேயே அந்த ‘ஏ/எல்’ முட்டும். அவர் தன்னை எந்தப் பெயரால் அழைத்துக்கொண்டாரோ அதுதான் தலைப்பில் வரவேண்டும். பட்டியல் எழுதுகிறவர் பதிவு அதிகாரி இல்லை.

வசைச் சொற்களும் இப்படித்தான். பழைய தமிழ் நாளிதழ் நறுக்கில் ‘அலி’ என்றும், மலாய் நறுக்கில் ‘பொண்டான்’ என்றும் இருக்கும். நறுக்கின் தலைப்பை மாற்ற நமக்கு உரிமை இல்லை; மேற்கோள் குறிக்குள் அப்படியே விட வேண்டும். நாம் எழுதும் வரியில் திருநங்கை என்றோ, 1980களில் இங்குள்ளவர்களே தங்களுக்குச் சூட்டிக்கொண்ட ‘மக் ஞா’ என்றோ எழுதலாம். நெதர்லாந்தில் இதற்கென்றே 1997இல் ஒரு சொற்தொகுதி உருவாக்கினார்கள். அதன் இன்றைய பெயர் ஹோமோசாரஸ். டைனோசர் மாதிரி கேட்கிறதே என்று மருமகளிடம் சொன்னேன். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றாள்.

சரி, தமிழில் எதைக் கொள்வது? அரசாங்கத்துக்கு ‘ஆவணக் காப்பகம்’ பொருந்தும். சென்னை எழும்பூரில் 1909இல் கட்டிய செங்கல் கட்டடத்தில் இருப்பது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். பெயரும் கட்டடமும் ஒரே கனம். ‘சுவடிகள்’ என்ற சொல்லை இலங்கைத் தமிழர் நன்றாகப் புழங்குகிறார்கள். ஆனால் துண்டறிக்கைக்கும் டி-சட்டைக்கும் சுவடி என்று பெயர் சொல்ல நாக்கு வரவில்லை. கோலாலம்பூர் சென்ட்ரல் மார்க்கெட்டில் 2008 முதல் நடந்து, 2011இல் காவல்துறை தடை செய்த ‘செக்சுவாலிட்டி மெர்டேக்கா’ என்ற பால்புதுமையர் உரிமை விழாவின் துண்டுச்சீட்டு யாரிடமாவது இருந்தால், அது சுவடியா? ஈழத்தவர் ‘நூலகம்’ என்ற இணைய நூலக நிறுவனம் வழியாகப் பரப்பிய ‘ஆவணகம்’தான் எனக்குப் பிடிக்கிறது. சின்னச் சொல், நூலகத்துக்குத் தங்கை போல நிற்கிறது, உள்ளே ஆட்களைப் பூட்டவில்லை.

மருமகள் தலைப்பை ‘பால்புதுமையர் ஆவணகத்தில் மாணவர் பணி’ என்று மாற்றினாள். அம்மா மறுபடி கண்ணாடியை மாட்டினார்.

“ஆவணம்னா கிராண்டுதானே? வீட்டு கிராண்டு, நெலத்து கிராண்டு எல்லாம் வைக்கிற எடமா?”

“கிட்டத்தட்ட அப்படித்தான் பாட்டி. கடுதாசி, போட்டோ, பழைய சட்டையெல்லாம் வைப்பாங்க.”

“அப்ப சரி. சோறு போட வேணாம்” என்றபடி, மேசையில் கொட்டிக் கிடந்ததை எல்லாம் அள்ளி, எந்த வரிசையும் இல்லாமல் பிஸ்கட் தகரத்துக்குள் போட்டு மூடினார்.