முதுகில் அடிக்கும் கச்சான் காற்று: மோட்டார் சைக்கிள் ஏன் கொதிக்கிறது?

ஆடி மாதத்தில் திருகோணமலையிலிருந்து ஹபரணைக்கு மோட்டார் சைக்கிளில் போய்வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். போகும்போது ஒரு குறையும் இல்லை. வரும்போது கந்தளாய் தாண்டினதும் தொடையில் அனல் படத் தொடங்கும். தம்பலகாமச் சந்தியில் எஞ்சினை ஆற்றும் ஃபேன் சுழலும், சீனக்குடாவிலும் சுழலும், மடத்தடிச் சந்தியில் வண்டியை நிற்பாட்டும்போதும் சுழன்றுகொண்டே இருக்கும். அதே வண்டி, அதே பாதை, அதே ஆள்.

காலையில் போய் மத்தியானம் திரும்புவதால் வெயில் ஏறியிருக்கும் என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். ஆனால் மத்தியானம் வெளிக்கிட்டுப் பின்னேரம் ஐந்து மணிக்குத் திரும்பின நாளிலும் அதே கதைதான். கராஜில் கேட்டால், "இந்த வெயிலுக்கு எந்த வண்டி தம்பி சூடாகாது?" என்றார் பாஸ். பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வெயிலின் பங்கு நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை.

என் வண்டி 250 சிசி. முன்னும் இரு பக்கமும் முழுதாக மூடிய ஃபெயரிங், அதாவது காற்றை விலக்கும் வெளிக்கவர் போட்டது, தூரப் பயணத்துக்கென்றே வாங்கியது. 80 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர் ஓடும். அப்படியென்றால் மணித்தியாலத்துக்கு இரண்டே முக்கால் லீற்றருக்குச் சற்றுக் குறைவாகப் பெற்றோல் எரிகிறது. ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் வண்டிக்குள் எந்த நேரமும் 24 கிலோவாற் அளவுக்குச் சக்தி வெளிப்படுகிறது. அதில் சில்லுக்குப் போய்ச் சேர்வது கால்வாசி, அதாவது 6 கிலோவாற். மிச்சம் 18 கிலோவாற்றும் வெப்பம். அதில் பாதியளவு சைலன்சர் வழியே புகையோடு போய்விடும். மற்றப் பாதியை ரேடியேற்றரும் ஒயிலும் எஞ்சினின் வெளிச்சுவரும் காற்றுக்குக் கொடுத்தாக வேண்டும். வீட்டில் தேத்தண்ணிக்கு வைக்கிற மின் கேத்தல் 2 கிலோவாற் என்று வைத்துக்கொண்டால், இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நாலைந்து கேத்தல் ஒரேயடியாகக் கொதிக்கிற கணக்கு இது.

இந்த வெப்பம் எவ்வளவு வேகமாகக் காற்றுக்குப் போகும் என்பதை இரண்டு விசயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, சூடான பொருளுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம். மற்றது, எவ்வளவு காற்று அதைத் தொட்டுக்கொண்டு போகிறது என்பது.

முதலாவதைப் பார்ப்போம். எஞ்சின் சூட்டைச் சுமந்து ரேடியேற்றரில் ஓடும் திரவமான கூலன்ற் 95 பாகை செல்சியஸ் என்று வைப்போம். மார்கழியில் காற்று 28 பாகை, வித்தியாசம் 67. ஆடியில் 37 பாகை, வித்தியாசம் 58. ஆக, வெயிலால் ரேடியேற்றர் தன் ஆற்றும் திறனில் இழப்பது 13 சதவீதம்தான். தண்ணீர் இல்லாமல் காற்றிலேயே ஆறும் எஞ்சின்களில், அதாவது ஊரில் ஓடுகிற பெரும்பாலான 100, 125, 150 சிசி வண்டிகளில், சிலிண்டரின் தகடுகள் இன்னும் சூடாக, 150 பாகைக்கு மேலும் போகும். வித்தியாசம் பெரிதாக இருப்பதால் அவற்றுக்கு இழப்பு அதைவிடவும் குறைவு. கொதிக்கிற தார் றோட்டின் மேலே தவழும் காற்று நிழலில் அளக்கிற காற்றைவிடச் சூடு என்பதையும் சேர்த்துக்கொண்டாலும், ஒழுங்கான ரேடியேற்றர் இதைத் தாங்கும்.

எனவே காற்றின் அளவுதான் பிரதான காரணமாக இருக்க வேண்டும். கச்சான் வருவதும் இந்த இடத்தில்தான்.

கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்குக் கச்சானைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வைகாசிக்குப் பிறகு தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தோடு வந்து மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, ஈரத்தை மழையாக அங்கேயே கொட்டிவிடுகிறது. நீராவி மழையாகும்போது விடுகிற வெப்பம் காற்றிலேயே தங்கிவிடும். ஈரம் போன அந்தக் காற்று மலையின் இந்தப் பக்கம் இறங்கும்போது, ஒவ்வொரு கிலோமீற்றர் இறக்கத்துக்கும் ஏறக்குறைய 10 பாகை வீதம் சூடாகிறது. அதுதான் கச்சான். நுவரெலியாவில் குடை பிடிக்கிற நாளில் எங்களுக்கு வாய் உலர்வது இதனால்தான்.

கச்சான் தென்மேற்கிலிருந்து வடகிழக்காக வீசுகிறது. கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு வருகிற பாதையும் ஏறக்குறைய அதே திசையில்தான் போகிறது. போகும்போது கச்சான் நெஞ்சில் அடிக்கும், வரும்போது முதுகில் அடிக்கும்.

வண்டிக்கு முக்கியம் றோட்டில் அது போகிற வேகம் அல்ல, காற்றுக்குள் அது போகிற வேகம். காற்று 25 கிலோமீற்றர் வேகத்தில் வீசுகிறது என்று வையுங்கள். 80இல் எதிர்த்துப் போனால் ரேடியேற்றர் முகத்தில் படும் காற்று 105. அதே 80இல் திரும்பி வந்தால் 55. ரேடியேற்றருக்குள் காற்றைத் தள்ளும் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். அதனால் திரும்பும்போது அந்த அழுத்தம் காற்றே இல்லாத நாளில் இருப்பதன் பாதிக்கும் கீழே போகிறது. யானை கடக்கிறது என்று வாகனங்கள் ஊர்ந்து 20க்கு இறங்கினால் காற்றும் வண்டியும் கூடவே போகும். ரேடியேற்றரின் முகத்தில் ஒன்றும் படாது. அது விட்ட அனல் அதைச் சுற்றியே நிற்கும். வெயிலால் வந்த 13 சதவீதத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

என் கேள்விக்கு முக்கால்வாசி விடை இதில் கிடைத்தது. மிச்சம் கால்வாசி ஃபெயரிங்குக்குள் இருந்தது.

ஃபெயரிங் அழகுக்காகப் பிறந்த பொருள் இல்லை. பந்தய வண்டிகளில் முன்சில்லையும் சேர்த்து மூடின பெரிய ஃபெயரிங்குகள் 1950களில் ஓடின. பக்கக்காற்றில் வண்டி தள்ளுண்டதால் 1957ஆம் ஆண்டுப் பருவத்தோடு அவற்றைத் தடை செய்தார்கள். 1976இல் பிஎம்டபிள்யூ நிறுவனம், காற்றுச் சுரங்கத்தில் வைத்து வடிவமைத்த முழு ஃபெயரிங்கோடு ஆர்100ஆர்எஸ் வண்டியை விற்பனைக்கு விட்டது. ஐரோப்பாவின் குளிரில் நாள் முழுக்க வேகமாக ஓடுகிறவரின் நெஞ்சில் காற்று அடிக்காமல் காக்கிற வண்டி அது. அந்த ஊருக்கு அது பெரிய கொடை. நாம் ஓட்டுகிற முழுக் கவர் வண்டிகளும் அந்த வழியில் வந்தவைதான். கந்தளாய் றோட்டில் நமக்குத் தேவைப்படுவது அதற்கு நேர்மாறானது.

ஆனால் முழு ஃபெயரிங் போட்டாலே எஞ்சின் அவியும் என்பதும் சரியில்லை. ஓடும் வண்டியின் முன்பக்கம் காற்றழுத்தம் கூடிய இடம். பக்கவாட்டில் வளைந்து போகும் இடத்திலும் பின்னாலும் அழுத்தம் குறைவு. முன்னால் வாயும், அழுத்தம் குறைந்த பக்கத்தில் போக்குவழியும் வைத்தால் காற்று தானாகவே ரேடியேற்றருக்குள் இழுபட்டு வெளியேறும். நல்ல ஃபெயரிங், ரேடியேற்றருக்கு ஃபெயரிங் இல்லாத வண்டியைவிடக் கூடக் காற்றைக் கொண்டுவந்து கொடுக்கும். இளம்பெடியள் சிலர் சூடு குறையட்டும் என்று முன்கவரில் ஓட்டை போடுகிறார்கள். பார்க்கும்போது எனக்கு மனம் கேட்பதில்லை. வெளியேற வழி இல்லாத வீட்டுக்கு இன்னொரு முன்கதவு வைத்தால் காற்றோட்டம் வராது. பின்யன்னலைத் திறக்க வேண்டும்.

காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஒரு பழைய வழி இருக்கிறது. விமானம் செய்கிறவர்கள் இன்றைக்கும் செய்வது. கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை மட்டும் ரேப்பால் ஒட்டிவிட்டு ஓட்டிப் பார்ப்பது. ஃபெயரிங்கின் இரு பக்கப் போக்குவழிகளைச் சுற்றியும் சிவப்பு நூல் இருபது ஒட்டினேன். ஞாயிறு விடிய, றோட்டு வெறுமையாகக் கிடக்கும்போது, உப்புவெளி தாண்டி நிலாவெளிப் பக்கம் போனோம். மச்சானின் பைக்கில் பின்னால் இருந்து மருமகள் போனில் படம் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்து மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தோம். இடப்பக்க நூல்கள் எல்லாம் வெளியே தள்ளுண்டு, பின்னோக்கிப் படபடத்தன. வலப்பக்கத்தில் மேல்நூல்கள் சோர்ந்து கிடந்தன. கீழ்நூல்கள் இரண்டைக் காணவில்லை. "மாமா, அது உள்ள போயிற்று" என்று மருமகள்தான் முதலில் கண்டாள். நிறுத்திப் பெரிதாக்கிப் பார்த்தோம். உண்மைதான், இரண்டு நூலும் போக்குவழிக்குள் இழுபட்டிருந்தன. காற்று வெளியே வர வேண்டிய வழியால் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

வலப்பக்கக் கவரைக் கழற்றினேன். ரேடியேற்றரின் ஓரத்துக்கும் கவரின் உட்சுவருக்கும் இடையில் நாலு விரல் நுழைகிற இடைவெளி. சட்டத்தில் கிளிப் மாட்டுகிற இரண்டு துளைகள் வெறுமையாக இருந்தன. இடப்பக்கத்தில் அதே இடத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு இறப்பர்த் தகடு, இடைவெளியை அடைத்துக்கொண்டு நின்றது. முந்தின வருடம் வேறொரு கராஜில் ரேடியேற்றரைக் கழற்றிக் கழுவினார்கள். பூட்டும்போது அந்தத் தகடு விடுபட்டுப் போயிருக்க வேண்டும்.

காற்று எப்போதும் இலேசான வழியைத் தேடும். ரேடியேற்றரின் நெருங்கின தகடுகளுக்குள் நுழைவது கடினம், ஓரத்து இடைவெளியால் நழுவுவது சுகம். அந்த இறப்பர்த் தகடு இல்லாவிட்டால் முன்னால் வந்த காற்றில் ஒரு பங்கு ரேடியேற்றரைத் தொடாமலே போய்விடும். மெதுவாகப் போகும்போது நிலைமை இன்னும் மோசம். ஃபேன் பின்னால் தள்ளின அனல் அதே இடைவெளியால் சுற்றி முன்னால் வந்து மறுபடி ரேடியேற்றருக்குள் போகும், போர்வைக்குள் முகத்தை மூடிப் படுத்தவன் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பது போல. பாஸ் பழைய லொறி ரியூப் ஒன்றை எடுத்து, இடப்பக்கத் தகட்டை அளவாக வைத்து வெட்டிப் பூட்டிவிட்டார். பத்து நிமிட வேலை. பிறகும் கச்சான் முதுகில் அடிக்கிற நாளில் ஃபேன் சுழலத்தான் செய்கிறது. ஆனால் சீனக்குடா வருமுன் நின்றுவிடுகிறது. கவரைக் கழற்றுகிற ஒவ்வொருவரும் இப்படியான தகடுகளையும் பஞ்சுகளையும் எண்ணிப் பார்த்துப் பூட்ட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்பேன்.

காற்றுக்கு வழி சரியானால் அடுத்தது தண்ணீர். ரேடியேற்றர் மூடி சும்மா மூடி இல்லை, அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிற வால்வு. வளிமண்டலத்துக்கு மேல் 1.1 பார் அழுத்தத்தைத் தாங்குகிற மூடியென்றால், வெறும் தண்ணீரே 120 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். கூலன்ற் கலந்தால் இன்னும் மேலே போகும். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரு நொடியில் விழும். 110 பாகையில் அமைதியாக இருந்த தண்ணீர் அந்த நொடியிலேயே ஆவியாகிச் சீறி முகத்தில் அடிக்கும். கையால் தொடக்கூடியதாக ஆறும்வரை மூடியில் கை வைக்காதீர்கள். கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவதும் வேண்டாம். நம் கரையோரக் கிணறுகளின் உப்பும் சுண்ணாம்பும் கேத்தலின் அடியில் படிவது போலவே ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் படியும். தாதுப்பொருள் நீக்கிய தண்ணீர் கலந்த கூலன்ற்றுக்குச் செலவு கொஞ்சம்தான். வெளியே படிகிற கடலுப்பையும் மணலையும் பூச்சிகளையும் வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவினால் போதும். சேர்விஸ் நிலையத்துப் பிரஷர் பைப்பை நேரே பிடித்தால் அலுமினியத் தகடுகள் மடிந்து வழியை அடைத்துவிடும்.

இனி ஓட்டுகிறவரின் கதை. எஞ்சினுக்கு 13 சதவீதம்தான் இழப்பு என்றேன். மனிதத் தோலின் வெப்பநிலை ஏறக்குறைய 35 பாகை. காற்று 28 என்றால் 7 பாகை வித்தியாசம் இருக்கும், காற்று பட்டால் உடம்பு ஆறும். 37 என்றால் கணக்கு தலைகீழாகும். காற்று பட்டால் உடம்பு சூடேறும். அப்போது மிச்சமிருக்கிற ஒரே வழி வியர்வை. அரை லீற்றர் வியர்வை ஒரு மணித்தியாலத்தில் உலர்ந்தால் முந்நூறு வாற்றுக்கு மேல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். சும்மா இருந்து ஓட்டுகிறவரின் உடம்பு உண்டாக்குகிற வெப்பத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அது. கச்சான் உலர்ந்த காற்று என்பதால் வியர்வை கண்ணில் படாமலே காய்ந்துவிடும். சட்டை நனையவில்லையே, எனக்கொன்றும் வியர்க்கவில்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிறவர்களுக்குத் தலை சுற்றுவது இதனால்தான்.

ஆகவே வெயிலுக்கு மெல்லிய பனியனோடு ஓட்டுவது உடம்பை ஆற்றாது. நீளக்கைச் சட்டை வெயிலையும் சூட்டுக்காற்றையும் தோலில் நேரே படாமல் தடுக்கும். காற்றுப்புகும் ஜக்கெற் ஒன்று இருந்தால் அதற்குள் நனைத்த பருத்திச் சட்டை போட்டுப் பாருங்கள். ஹபரணையில் நனைத்தால் கந்தளாய்வரைகூட ஈரம் நிற்காது, ஆனால் அதுவரை உள்ளே குளிர்ச்சி இருக்கும். முன்கண்ணாடியைக் கழற்ற முடிந்த வண்டியென்றால் வைகாசியில் கழற்றி மார்கழியில் பூட்டுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் காற்று அசையாமல் நிற்பதால் வியர்வை உலராது, கீழிருந்து எழும் எஞ்சின் அனலும் அந்தக் குகைக்குள்தான் தங்கும்.

இப்போது திரும்பி வரும்போது கந்தளாய்க் குளக்கட்டடியில் ஒருதரம் நிற்கிறோம். நிற்க முன் கடைசி ஒரு கிலோமீற்றரை மெதுவாக, எஞ்சினை வருத்தாமல் ஓட்டுவேன். எஞ்சினை நிறுத்தினதும் தண்ணீர்ப் பம்பும் நின்றுவிடும். சிலிண்டர் தலையில் தேங்கின சூடு அசையாத கூலன்ற்றுக்குள் இறங்கி, நிறுத்தின பிறகுதான் வெப்பநிலை ஏறும். பிறகு வண்டியைத் திருப்பி, வந்த வழியைப் பார்க்க, கச்சான் ரேடியேற்றரின் முகத்தில் நேரே படும்படி நிற்பாட்டுவேன். முதுகில் அடித்த காற்று இப்போது முன்னால் படுகிறது. இளநீர் வெட்டிக் குடித்து முடிக்கிற நேரத்துக்குள் ஃபெயரிங்கில் கை வைக்கலாம். போக்குவழியில் மிஞ்சின இரண்டு சிவப்பு நூலும் வெளிப்பக்கமாக அசைந்துகொண்டிருக்கும்.