கெமைண்டே: நகராட்சியா, ஊராட்சியா, வெறும் ஊரா?

"ஹால்ஸ்டாட், மேல் ஆஸ்திரிய மாநிலத்தில் உள்ள ஒரு நகராட்சி." இப்படி ஒரு வரியைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனால், அங்கே மக்கள்தொகை எண்ணூறுக்கும் குறைவு என்று இருக்கும். படிக்கிறவருக்கு அந்த இடத்திலேயே குழப்பம் வந்துவிடும். நகராட்சி என்றால் நமக்கு ஓர் ஆணையர், முப்பது வார்டு, பேருந்து நிலையம், விடியற்காலையில் குப்பை வண்டி எல்லாம் நினைவுக்கு வரும். எண்ணூறு பேர் என்பது நம் பக்கத்தில் இரண்டு தெருவுக்குக் கூடப் போதாது. அப்படியிருக்க அது எப்படி நகராட்சி ஆயிற்று?

தவறு ஹால்ஸ்டாட்டின் மேல் இல்லை. ஆஸ்திரியாவில் ஊரின் தன்னாட்சி அமைப்பைக் குறிக்கும் "கெமைண்டே" என்ற ஜெர்மன் சொல் ஆங்கிலத்துக்குப் போய் "முனிசிபாலிட்டி" ஆனது. முனிசிபாலிட்டி தமிழுக்கு வந்து "நகராட்சி" ஆனது. இரண்டு கை மாறியதில் சொல்லின் உயிர் வழியிலேயே தங்கிவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கெமைண்டேயின் பழைய வடிவம் "கிமைனிதா". ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஜெர்மனில் "கிமைனி" என்றால் பலருக்கும் உரியது, பொதுவானது என்று பொருள். அதில் "கி" என்ற முன்னொட்டுக்குச் சேர்ந்து, கூடி என்று அர்த்தம். "மைனி" என்ற பகுதிக்கு அடியில் மாற்றிக்கொள்ளுதல், கொடுத்து வாங்குதல் என்ற மிகப் பழைய பொருள் கிடக்கிறது. லத்தீனின் "கொம்முனிஸ்" என்ற சொல்லும் இதே வேரில், இதே அமைப்பில் உருவானதுதான். "கொம்" கூடி, "முனிஸ்" கடமை, பங்கு. நாம் அன்றாடம் கேட்கும் கம்யூனிட்டி, கம்யூன் எல்லாம் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். பிரான்சில் ஊராட்சிக்குக் கம்யூன் என்றும் இத்தாலியில் கொமுனே என்றும் பெயர் இருப்பது இதனால்தான். ஆக கெமைண்டே என்ற சொல்லுக்குள் நகரமும் இல்லை, அலுவலகமும் இல்லை. பொதுவாக ஒன்றை வைத்துக்கொண்டு, முறைபோட்டுப் பகிர்ந்து வாழும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள்.

நம் மொழியில் மணத்தைக் குறித்த "நாற்றம்" இறங்கிப் போனதுபோல, "கெமைன்" என்ற பெயரடையும் ஜெர்மனில் இறங்கிவிட்டது. எல்லாருக்கும் பொதுவானது என்பது சாதாரணமானது என்றாகி, பிறகு மட்டமானது என்றாகி, இன்று ஒருவரைக் கெமைன் என்று சொன்னால் ஈவிரக்கமில்லாதவர், கெட்ட மனசுக்காரர் என்று அர்த்தம். ஆனால் கெமைண்டே மட்டும் தன் மதிப்பை இழக்கவில்லை.

சட்டத்தில் இந்தச் சொல்லின் இடம் என்ன என்று பார்த்தால் நகராட்சி ஏன் பொருந்தவில்லை என்பது இன்னும் தெளிவாகும். ஆஸ்திரியாவில் இரண்டாயிரத்துக்குச் சற்று அதிகமான கெமைண்டேகள் இருக்கின்றன. நாட்டில் ஓர் அடி நிலம்கூட ஏதாவது ஒரு கெமைண்டேக்கு உட்படாமல் இல்லை. சுமார் இருபது லட்சம் பேர் வாழும் வியன்னாவும் ஒரு கெமைண்டே. டிரோல் மாநிலத்து மலை இடுக்கில், ஐம்பது பேரை ஒட்டிய மக்கள்தொகையோடு இருக்கும் கிராமைஸும் ஒரு கெமைண்டே. இரண்டுக்கும் அரசியலமைப்புச் சட்டத்தில் ஒரே பெயர்: தன்னைத்தானே ஆண்டுகொள்ளும் உரிமையுள்ள நிலப்பகுதி. தமிழ்நாட்டில் தலையை எண்ணி, வருமானத்தைப் பார்த்து, ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று படிக்கட்டு வைத்திருக்கிறோம். அந்தப் படிக்கட்டின் மூன்றாம் படியைப் பிய்த்துக் கொண்டுபோய் ஐம்பது பேர் வாழும் மலையூரில் வைத்தால் எப்படிப் பொருந்தும்? இலங்கை வாசகருக்கு இன்னும் சிக்கல். அங்கே மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்றுதான் வழக்கு. நகராட்சி என்பதே அயல் வீட்டுச் சொல்.

நவீன கெமைண்டேக்குப் பிறந்தநாள் 1849 மார்ச் 17. அதற்கு முந்தைய ஆண்டின் புரட்சி, அன்று ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் பேரரசை உலுக்கி, நிலக்கிழார்களின் பிடியிலிருந்து உழவர்களை விடுவித்திருந்தது. கிழாரின் அதிகாரம் போன இடத்தில் யார் நிற்பது என்ற கேள்விக்கு விடையாக ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது. அதன் தொடக்கமே, சுதந்திரமான அரசின் அடித்தளம் சுதந்திரமான கெமைண்டே என்பதுதான். அரசிலிருந்து ஊருக்கு உரிமை இறங்கி வரவில்லை, ஊரின் மேல்தான் அரசு நிற்கிறது என்கிற அந்த வரி எனக்கு மிகவும் பிடித்தது. பேரரசு அதைச் சீக்கிரமே முடக்கிப் போட்டது. 1862-இல் இன்னொரு சட்டத்தின் வழியாக ஊர்த் தன்னாட்சி மீண்டது.

இப்போது ஹால்ஸ்டாட்டுக்கே போய்ப் பார்ப்போம். சொல்லின் பொருளை அந்த ஊரைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

க்முண்டன் மாவட்டத்தில், 2,995 மீட்டர் உயர டாக்ஸ்டைன் மலைத்தொகுதியின் வடக்கே, ஹால்ஸ்டாட் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது ஊர். கணக்குக்கு ஏறத்தாழ 60 சதுர கிலோமீட்டர். ஆனால் அதில் பெரும்பகுதி பாறையும் காடும். வீடு கட்டக் கிடைத்தது மலைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் மட்டும். அதனால் வீடுகள் ஒன்றன் தலைமேல் ஒன்றாக மலையில் ஏறி நிற்கின்றன. கீழ்வீட்டுக் கூரை மட்டத்தில் மேல்வீட்டு வாசல். 1890 வரை ஊருக்குச் சரியான சாலை கிடையாது, படகு அல்லது மலைப்பாதைதான். 1877-இல் ரயில் வந்தபோதும் எதிர்க்கரையோடு போய்விட்டது. இன்றும் ஹால்ஸ்டாட் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர் படகேறித்தான் ஊருக்குள் வர வேண்டும்.

இவ்வளவு சிரமமான இடத்தில் ஏன் குடியேறினார்கள்? உப்பு. ஊர்ப் பெயரின் "ஹால்" உப்போடு தொடர்புடையது என்பதை யாரும் மறுப்பதில்லை. ஹாலைன், ஹால், ரைஹன்ஹால் என்று அந்த வட்டாரத்தில் இந்த ஒலி கேட்கும் ஊரெல்லாம் உப்பு எடுத்த ஊர்தான். கெல்டிய மொழியிலிருந்து வந்தது என்று நெடுங்காலம் சொன்னார்கள். கெல்டியக் குடும்பத்தைச் சேர்ந்த வெல்ஷ் மொழியில் உப்புக்கு "ஹாலென்" என்று பெயர் இருப்பது அதற்கு ஆதாரம். ஆனால் அந்தக் காலத்து ஐரோப்பியப் பெருநிலக் கெல்டியத்தில் அந்தச் சொல் இன்னும் "ச" ஒலியோடுதான் இருந்தது, "ஹ" ஆகவில்லை என்று ஆட்சேபம் சொல்லி, ஜெர்மானிய மொழியிலேயே வேர் தேடுகிறவர்களும் உண்டு. எனக்கு அந்த ஆட்சேபம் வலுவானதாகவே படுகிறது. "ஸ்டாட்" என்பது இடம். நம் காதில் விழும் ஸ்தானத்துக்கு மிகத் தொலைவு உறவு. மொத்தத்தில் உப்பிடம். கடலோரத்தில் என்றால் நாம் அளம் என்றிருப்போம். இது மலை வயிற்றில் இருக்கும் அளம்.

அந்தச் சுரங்கத்துக்குள் கி.மு. 14-ஆம் நூற்றாண்டு மரங்களால் செய்த படிக்கட்டு ஒன்று உப்பில் ஊறியதால் உளுத்துப் போகாமல் கிடைத்திருக்கிறது. 1846-இல் ராம்சாவர் என்ற சுரங்க அதிகாரி மேலே உள்ள பள்ளத்தாக்கில் பழைய இடுகாட்டைக் கண்டு, 1863 வரை சுமார் 980 குழிகளைத் தோண்டிக் குறிப்பெழுதினார். ஐரோப்பிய இரும்புக் காலத்தின் முற்பகுதிக்கே, ஏறக்குறைய கி.மு. 800 முதல் 450 வரை, ஹால்ஸ்டாட் பண்பாடு என்று பெயர் வந்தது இதனால்தான். 1595-இல் வேலை தொடங்கி, சுமார் 13,000 மரங்களைக் குடைந்து, 40 கிலோமீட்டர் தள்ளி ஏபன்சேவுக்கு உப்புநீர்க் குழாய் போட்டார்கள். அந்த உப்பெல்லாம் ஊருக்குச் சொந்தமில்லை, அரசருக்குச் சொந்தம். வட்டாரத்தின் பெயரான "சால்ஸ்காமர்குட்" என்பதற்கே அரசுக் கருவூலத்தின் உப்புச் சொத்து என்றுதான் பொருள். க்முண்டனில் இருந்த உப்பு அலுவலகத்தின் கையில் பிழைப்பு இருந்த ஓர் ஊருக்கு, "சுதந்திரமான கெமைண்டே" என்ற 1849-ஆம் ஆண்டுச் சொல் எவ்வளவு புதிதாக ஒலித்திருக்கும்!

சரி, பொது என்பதை அங்கே எங்கே பார்க்கலாம்? கத்தோலிக்கக் கோயிலை ஒட்டிய சிறு கல்லறைத் தோட்டத்தில் பார்க்கலாம். இறந்தவரைப் புதைக்க இடம் போதவில்லை. அதனால் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துக் குழியைத் திறந்து எலும்பை எடுத்து, அந்த இடத்தை அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். எடுத்த மண்டையோட்டை வெயிலிலும் நிலவிலும் காயவைத்து, வெளுத்ததும் அதன் நெற்றியில் பெயரும் ஆண்டும் எழுதி, சுற்றிலும் இலையோ பூவோ வரைந்து, புனித மிக்கேல் சிற்றாலயத்தின் எலும்பு வீட்டில் குடும்பம் குடும்பமாக அடுக்கி வைத்தார்கள். சுமார் 1,200 மண்டையோடுகளில் அறுநூறுக்கும் மேல் இப்படி வண்ணம் தீட்டியவை. பயமாக இருக்கும் என்று நினைப்போம். ஆனால் ரோஜாவும் ஐவிக் கொடியும் சுற்றிய அந்த நெற்றிகளைப் பார்த்தால், பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்ததுபோல் இருக்கிறது. கடைசியாக 1995-இல், ஒரு பெண் தன் விருப்பப்படி அங்கே இடம் பெற்றார். ஆறடி மண்ணைக்கூட முறைபோட்டுப் பகிர்ந்துகொண்டவர்கள் இவர்கள். கெமைண்டேக்கு அகராதி தரும் எந்த விளக்கத்தையும்விட எனக்கு இந்தச் சிற்றறை போதுமானதாகத் தெரிகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கெமைண்டே என்ற சொல் ஆட்சிக்கு மட்டும் உரியதல்ல. ஒரு கோயிலைச் சேர்ந்த கிறித்தவப் பங்குச் சமூகமும் கெமைண்டேதான். ஹால்ஸ்டாட்டில் கத்தோலிக்கப் பங்கு ஒன்று, கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த லூத்தரன் சபை ஒன்று. அஞ்சல் அட்டைகளில் ஏரிக்கரையில் ஒல்லியாக நிற்கும் கூர்கோபுரம் லூத்தரன்களுடையது. 1781-இல் பேரரசர் இரண்டாம் ஜோசப், கத்தோலிக்கர் அல்லாத கிறித்தவரும் வழிபட இடம்தரும் சகிப்புரிமை ஆணையைப் பிறப்பிக்கும் வரை மறைவாகவே வழிபட்டவர்களின் வழிவந்தவர்கள் எழுப்பிய கோயில் அது. இந்த இடத்தில் கெமைண்டேயை "சபை" என்றுதான் தமிழாக்க வேண்டும். அதேபோல, நில அளவைக்காக 1817-இல் பேரரசர் தொடங்கிய பதிவேட்டில் வரும் "கட்டாஸ்ட்ரால்கெமைண்டே" ஆளும் அமைப்பே அல்ல, நிலவரிக்கான எல்லை. அதற்கு நம்மிடம் அச்சுக்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது: வருவாய்க் கிராமம். ஓர் ஊராட்சிக்குள் பல வருவாய்க் கிராமங்கள் இருக்கக்கூடும் என்று தெரிந்த தமிழருக்கு இதை விளக்கவே வேண்டாம். இதைப் போய் "காணிப்பதிவு நகராட்சி" என்று எழுதினால் படிக்கிறவர் என்ன செய்வார்?

அப்படியானால் முதன்மைச் சொல்லுக்கு என்ன வைப்பது? "உள்ளாட்சி" என்பது சட்டப் பொருளில் பிழையில்லாதது. வியன்னாவையும் கிராமைஸையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டிய இடத்தில் அதைப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் மனிதர்கள் இல்லை. அரசாணை வாடைதான் அடிக்கிறது.

ஊர் என்ற சொல்லுக்கு அந்தக் குறை இல்லை. சோழர் கல்வெட்டுகளில் ஊர் என்றால் இடமும் ஊர்தான், அந்த இடத்தில் கூடி முடிவெடுத்த அவையும் ஊர்தான். "ஊரோம்" என்று தன்மைப் பன்மையில் ஆவணத்தில் ஒப்பமிட்டார்கள். இன்றும் "ஊர் கூடித் தேர் இழுப்பது", "ஊர் என்ன சொல்லும்" என்கிறோம். அங்கே நாம் சொல்வது மண்ணையல்ல, மக்களை. இடம், மக்கள், அவை மூன்றையும் ஒரே சொல்லில் அடக்குவது கெமைண்டேயின் தனித்தன்மை என்றால், ஊரும் அதையேதான் செய்கிறது. பழந்தமிழின் "பொதியில்" இன்னும் நெருக்கம்: பொது + இல், ஊரார் கூடும் பொதுவிடம். வேரின் பொருள் அப்படியே விழுகிறது. ஆனால் இன்று பொதியில் என்றால் பொதிகை மலை என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே ஆட்சியமைப்பைக் குறிக்க "ஊராட்சி", அதன் அவைக்கு "ஊர்மன்றம்", அதன் தலைவருக்கு "ஊராட்சித் தலைவர்" என்பதே என் முடிவு. வியன்னா, கிராஸ் போன்ற பெருநகரங்களுக்கு மாநகராட்சி என்று எழுதுவதில் தடையில்லை.

ஹால்ஸ்டாட்டுக்கு இன்னும் ஒரு படி வேண்டும். அது வெறும் கெமைண்டே அல்ல, "மார்க்ட்கெமைண்டே". 1311-இல் அரசர் ஆல்பிரெக்டின் விதவை எலிசபெத் அரசி அந்த ஊருக்குச் சந்தை கூட்டும் உரிமை கொடுத்தார். அதைப் "பேரூராட்சி" என்று எழுதுவது வழக்கமாகி வருகிறது. ஆனால் பேரூர் என்பது அளவைச் சொல்கிறது, இதுவோ உரிமையைச் சொல்கிறது. "சந்தையூர்" என்று எழுதலாம். வணிகம் நடந்த இடத்தைப் பேட்டை என்று அழைத்த மொழிக்கு அது புதிதாகவும் இருக்காது.

சந்தை இன்று வேறு வடிவில் வந்து நெருக்குகிறது. 1997-இல் ஹால்ஸ்டாட் யுனெஸ்கோ உலக மரபிடப் பட்டியலில் சேர்ந்தது. 2012-இல் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் இந்த ஊரை அப்படியே நகலெடுத்துக் கட்டித் திறந்தார்கள். எண்ணூறு பேர்கூட இல்லாத இடத்துக்குக் கூட்டமான நாட்களில் பத்தாயிரம் பேர் வருகிறார்கள். 2023-இல், எல்லாரும் நின்று படமெடுக்கும் இடத்தில் ஏரியை மறைத்து மரத்தட்டி அடித்தார்கள், எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். அடிக்கவும் எடுக்கவும் ஊரே முடிவு செய்தது.

இனி அந்த முதல் வரியை இப்படி எழுதலாம்: "ஹால்ஸ்டாட், மேல் ஆஸ்திரிய மாநிலத்தின் க்முண்டன் மாவட்டத்தில், ஏரிக்கரையில் அமைந்த சந்தையூர்; எண்ணூறுக்கும் குறைவான மக்கள் வாழும் தனி ஊராட்சி."