“ஏன் அடிச்சனீ?” “தெரியாது, மிஸ்”

வெள்ளவத்தைப் பக்கம் ஒரு பாடசாலையில் தரம் 3க்குப் படிப்பிக்கிறேன். போன தவணை, இடைவேளை மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது பின்வரிசையில் ஓர் அழிறப்பருக்காகச் சண்டை வந்தது. பழ வாசம் வீசுகிற பச்சை அழிறப்பர், அதுவும் பாதி தேய்ந்தது. எடுத்தவன் அதைத் தூக்கிக் காட்டி “இது குப்பை” என்று சொல்லிச் சிரித்திருக்கிறான், பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான், சொந்தக்காரன் அடிமட்டத்தால் ஒன்று போட்டுவிட்டான்.

எல்லா ரீச்சர்மாரும் கேட்கிற கேள்வியைத்தான் நானும் கேட்டேன். “ஏன் அடிச்சனீ?”

“தெரியாது, மிஸ்.”

எதிர்த்துக் கதைக்கிறான் என்று நினைத்து, இடைவேளை முழுக்க அவனைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் நிற்க வைத்தேன். அன்று இரவு கொப்பி திருத்திக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது: பிள்ளை பொய் சொல்லவில்லை. அவனுக்கு உண்மையாகவே தெரியாது.

மூளையின் ஆழத்தில், இரு பக்கமும் ஒவ்வொன்றாக, வாதுமைக் கொட்டை வடிவில் அமிக்டலா என்று ஒரு பகுதி இருக்கிறது. அதற்குப் பல வேலைகள் உண்டு, முக்கியமான ஒன்று ‘இது எனக்கு ஆபத்தா?’ என்று பார்த்துச் சொல்வது. குரைத்துக்கொண்டு ஓடிவரும் நாய் மட்டுமல்ல, நாலு பேர் சேர்ந்து நம்மைப் பார்த்துச் சிரிப்பதும் அதை உசுப்பிவிடும். உசுப்பிவிட்டால் சில நொடிகளில் அட்ரினலின் இரத்தத்தில் கலக்கும், இதயம் அடித்துக்கொள்ளும், கை கால் தசைகளுக்கு இரத்தம் பாயும். கோர்ட்டிசோல் என்கிற மற்ற ஹோர்மோன் ஆறுதலாகத்தான் வரும், அது உச்சத்துக்குப் போக 20 முதல் 30 நிமிடம் எடுக்கும். அதாவது சண்டை முடிந்து, அழுகை நின்று, பிள்ளை சமாதானமாகிவிட்டான் என்று நாங்கள் நினைத்துப் புத்திமதியை ஆரம்பிக்கிற நேரத்தில்தான் அவன் உடம்பில் அது ஏறி நிற்கிறது.

பொறுத்துப் பார்க்கவும் காரணம் சொல்லவும் கையை அடக்கவும் உதவுகிற பகுதி நெற்றிக்குப் பின்னால் இருக்கிறது. அது முழுசாக முதிர இருபது வயதும் தாண்ட வேண்டும். எட்டு வயதில் அரைகுறையாக இருக்கிற அந்தப் பகுதி, இப்படி உடம்பு கொதிக்கும் நேரத்தில் இன்னும் மந்தமாகிவிடும். அந்த நேரம் பார்த்து “ஏன்?” என்று கேட்பது, கந்தோரைப் பூட்டிவிட்டுப் படிவம் நிரப்பித் தா என்று நிற்பது மாதிரி.

அப்போ எப்போதுதான் சொல்லிக்கொடுப்பது? ஒன்றும் நடக்காத நேரத்தில். நான் செவ்வாய்க்கிழமை காலையில், சுற்றாடல் பாடத்தில் இருந்து பத்து நிமிடம் எடுக்கிறேன். முதல் வாரம் பிள்ளைகளிடம் உணர்ச்சியைப் பற்றிக் கேட்கவே இல்லை, உடம்பைப் பற்றித்தான் கேட்டேன். “கோபம் வரேக்க உடம்பில எங்க தெரியும்?” ஒரு ஆள் உருவம் கீறிக் கொடுத்து நிறம் தீட்டச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் தலைக்கும் கைக்கும் சிவப்பு அடித்திருந்தார்கள். ஒரு சின்னப் பெண் கவலைக்குத் தொண்டையில் மட்டும் நீலப் புள்ளி ஒன்று வைத்திருந்தாள், கேட்டால் “அழுகை இதிலதான் வந்து நிக்கும், மிஸ்” என்றாள். அழிறப்பர்க்காரன் காது இரண்டையும் சிவப்பாக்கி வைத்திருந்தான்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. 2014இல் பின்லாந்து ஆய்வாளர்கள், பின்லாந்து, சுவீடன், தைவான் மூன்று இடங்களிலும் 701 பேரிடம் இதே வேலையைச் செய்வித்து வெளியிட்டார்கள். மொழியும் ஊரும் வேறாக இருந்தும் படங்கள் நன்றாக ஒத்துப்போயின: கோபம் தலையிலும் மார்பிலும் கைகளிலும், கவலைக்குக் கை கால் சோர்ந்துபோய், மகிழ்ச்சி உடம்பு முழுக்க. எனக்கு இதைப் படித்ததும் தொல்காப்பியம் நினைவுக்கு வந்தது, பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன பகுதி. அங்கே உணர்ச்சிக்குப் பெயரே மெய்ப்பாடு. மெய்யில், அதாவது உடம்பில் படுவது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு.

அந்த எட்டில் மூன்றாவதைப் பாருங்கள். இளிவரல் என்றால் இழிவுபட்டதாக உணர்வது, நாலு பேர் முன்னால் கூனிக் குறுகிப்போவது. பச்சை அழிறப்பரைக் காட்டி எல்லோரும் சிரித்தபோது அந்தப் பையனுக்கு வந்தது அதுதான். அவனிடம் அதற்குச் சொல் இல்லை. எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோபம், கவலை, பயம் தெரியும், அப்புறம் பெரியவர்களைப் பார்த்துப் பழகிய ‘டென்ஷன்’ தெரியும், மற்ற எல்லாவற்றையும் இந்த நாலுக்குள் திணித்துவிடுவார்கள். பொறாமையும் ஏமாற்றமும் ஏக்கமும் எல்லாமே ‘கோபம்’ என்றுதான் வெளியே வரும்.

சொல் இருந்தால் என்ன லாபம் என்று கேட்கலாம். 2007இல் அமெரிக்காவில் மத்தியூ லீபர்மன் என்ற உளவியலாளரின் குழு 30 பேரை ஸ்கேன் இயந்திரத்துக்குள் படுக்கவைத்து, கோபமான, பயந்த முகங்களைக் காட்டியது. முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குப் பெயர் தேர்ந்தெடுத்தபோது அமிக்டலாவின் துடிப்பு குறைந்தது, நெற்றிப் பக்கத்து மூளையில் வலப்புறம் ஒரு பகுதி சுறுசுறுப்பானது. அதே முகத்துக்கு ஆண் பெயரா பெண் பெயரா பொருந்தும் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அந்தத் தணிவு வரவில்லை. ஆக வாயைத் திறந்து ஏதாவது ஒரு சொல் சொன்னால் போதாது, உணர்ச்சியின் பெயராக இருக்க வேண்டும். அவர்கள் வளர்ந்தவர்கள், அது ஆய்வுகூடம், அதை அப்படியே தரம் 3க்குத் தூக்கி வைக்க முடியாது, சரி. ஆனாலும் ‘வெட்கமாப் போச்சு’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அடிமட்டத்தைத் தூக்கும் முன் செய்வதற்கு இன்னொரு வேலை கிடைக்கிறது.

மூச்சுப் பயிற்சியைப் பற்றி நிறையப் பேர் நிறைய அளக்கிறார்கள், நான் ஒன்றைத்தான் காட்டுவேன். மணிக்கட்டில் நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூச்சை உள்ளே இழுத்தால் துடிப்பு கொஞ்சம் வேகமாகும், வெளியே விட்டால் மெதுவாகும். மூளையில் இருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு பிரேக் மாதிரி. மூச்சு உள்ளே போகும்போது அது தளரும், வெளியே வரும்போது இறுகும். அதனால் வெளிமூச்சை நீட்டினால் பிரேக்கைக் கூடுதல் நேரம் மிதித்த மாதிரி. “சூடான பிளேன்டீயை ஊதிறமாதிரி ஊதுங்கோ” என்றால் பிள்ளைகளுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. விரல்களை மணிக்கட்டில் வைத்துக்கொண்டு “மிஸ், குறையுது, குறையுது!” என்று அவர்கள் கத்துகிற கத்தலில் கொஞ்சம் கூடத்தான் செய்யும், பரவாயில்லை.

ஆனால் இதை ஒரு பாடத்திட்டமாக்கி, எல்லாப் பாடசாலைகளுக்கும் அனுப்பிவிட்டால் மனநலம் வந்துவிடுமா? பிரித்தானியாவில் 85 பாடசாலைகளில், 8000க்கும் அதிகமான பிள்ளைகளோடு, மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சியை, அதாவது இந்தக் கணத்தில் மட்டும் கவனம் வைக்கப் பழகுவதை, சோதித்துப் பார்த்தார்கள். ஆரம்பப் பிரிவு இல்லை, 11 வயது தாண்டியவர்கள். 2022இல் முடிவு வந்தது: பாடசாலைகளில் வழக்கமாக நடக்கிற சமூக, உணர்ச்சிப் பாடங்களைவிட அதனால் கூடுதல் பலன் எதுவும் இல்லை. நிறையப் பிள்ளைகள் வீட்டில் பழகவே இல்லை. இதற்கு எதிர்ப்பக்கமாக, 2011இல் உணர்ச்சியைக் கையாளவும் மற்றவர்களோடு பழகவும் பாடசாலைகளில் சொல்லிக்கொடுக்கிற 213 நிகழ்ச்சித்திட்டங்களை, மொத்தம் 270,034 மாணவர்களை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று நல்ல பலன் காட்டியது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், வெளியில் இருந்து வந்தவர்கள் நடத்தியபோது படிப்பில் முன்னேற்றம் தெரியவில்லை, பாடசாலையின் சொந்த ஆசிரியர்கள் நடத்தியபோதுதான் தெரிந்தது. பனர் கட்டி, விருந்தினரைக் கூப்பிட்டு, பிள்ளைகளை வெயிலில் இருத்தி நடத்துகிற ‘நல்வாழ்வு தினங்கள்’ மேல் எனக்கு இருக்கிற சலிப்புக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

வெள்ளிக்கிழமை விளையாட்டுப் பாடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக் காய்ச்சல் இப்போது தரம் 3க்கே இறங்கிவிட்டதால், “இந்த வெள்ளி கட்டாயம் விளையாடலாம்” என்று சொல்லிவிட்டு, வெள்ளி வந்ததும் கணித வினாத்தாளைக் கொடுப்பது என் பழக்கமாக இருந்தது. மாஷ்மெலோ சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும்: வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் ஸ்டான்ஃபர்டில் செய்தது, மாஷ்மெலோ என்கிற மெத்தென்ற இனிப்பில் ஒன்றை இப்போதே சாப்பிடலாம், பொறுத்தால் இரண்டு. பொறுமை பிள்ளையின் பிறவிக் குணம் என்று அதை வைத்து எத்தனையோ பேர் பேசிவிட்டார்கள். அமெரிக்காவில் றொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்பவர் குழுவோடு சேர்ந்து அதில் ஒரு சின்ன மாற்றம் செய்தார். 28 சின்னப் பிள்ளைகளிடமும் முதலில், நல்ல நிறக் குச்சிகள் கொண்டுவருகிறேன், பொறுங்கள் என்று சொன்னார்கள். பாதிப் பேருக்குக் கொண்டுவந்தார்கள், மற்றவர்களுக்கு “மன்னிக்கவேணும், இல்லை” என்றார்கள். ஸ்டிக்கரிலும் அதே கதை. பிறகுதான் மாஷ்மெலோ. வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் 3 நிமிடம். ஏமாற்றப்பட்ட 14 பேரில் முழு 15 நிமிடமும் பொறுத்தது ஒரே ஒரு பிள்ளை.

இதைப் படித்த பிறகு நான் வெள்ளிக்கிழமை வினாத்தாளை நிறுத்திவிட்டேன். இரண்டு பெற்றோர் வந்து முறைப்பாடு செய்தார்கள், அதிபர் கூப்பிட்டுக் கேட்டார், பதில் சொன்னேன், அவர் சிரித்தாரா முறைத்தாரா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. போன வெள்ளி காலையில் இருந்து மழை, மைதானத்தில் முழங்காலளவு தண்ணீர். பெல் அடித்ததும் முப்பத்தைந்து பேரும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதிரைகளை ஒதுக்கிவிட்டுக் கீழே இருந்து கொக்கான் வெட்டினோம். அழிறப்பர்க்காரன் மூன்று தரம் தோற்று, கல்லைக் கீழே வைத்துவிட்டு, “மிஸ், காது சூடாகுது” என்று சொல்லி ஜன்னலோரம் போய் நின்று மழையைப் பார்த்து ஊதிக்கொண்டிருந்தான். பிறகு வந்து நாலாவது தரமும் தோற்றான்.