விண்ணப்பம் போட்டாயிற்று, ஊருக்குக் கிளம்பலாமா? பிஆர் வைத்திருப்பவர்களுக்கான மறுநுழைவு அனுமதி

சிங்கப்பூர் நிரந்தரவாசியின், அதாவது பிஆரின், நீல நிற அடையாள அட்டையில் காலாவதித் தேதி கிடையாது. அதனாலேயே, பிஆர் கிடைத்த பிறகு புதுப்பிக்க எதுவும் இல்லை என்று சிலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். காலாவதி ஆவது ரீ-என்ட்ரி பர்மிட் எனப்படும் மறுநுழைவு அனுமதி. பெரும்பாலும் ஐந்தாண்டுக்குத் தருவார்கள், சிலருக்கு அதைவிடக் குறைவாகவும் கிடைக்கும்.

இந்த அனுமதி எதற்கு என்பதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். இது நீங்கள் இங்கே குடியிருப்பதற்கான அனுமதி இல்லை. வெளியே போனவர் பிஆராகவே திரும்பி வருவதற்கான அனுமதி. எனவே தேதி முடிந்த பிறகும் சிங்கப்பூருக்குள்ளேயே இருந்தால் பிஆர் தகுதி போய்விடாது. வேலைக்குப் போகலாம், வீட்டில் இருக்கலாம். எல்லையைத் தாண்டினால்தான் சிக்கல். சனிக்கிழமை மளிகை வாங்கப் பக்கத்து மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குப் போய் மாலையே திரும்புவதும் வெளிநாட்டுப் பயணம்தான். உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடிக்குத் தூரமும் தெரியாது, எத்தனை மணி நேரம் என்பதும் தெரியாது.

இப்போது கேள்விக்கு வருவோம். புதுப்பிக்க விண்ணப்பித்துவிட்டீர்கள், பதில் வரவில்லை. போகலாமா? பழைய அனுமதி இன்னும் செல்லுபடியாகிறது, அது முடிவதற்குள் திரும்பிவிடுவீர்கள் என்றால் தாராளமாகப் போகலாம். பழையது முடிந்துவிட்டது என்றால் புதியது கைக்கு வரும்வரை கிளம்பாதீர்கள். விண்ணப்பித்ததற்கான ரசீது அனுமதிக்கு ஈடாகாது. "போட்டாச்சு, அதுபாட்டுக்கு வந்துடும்" என்று விமானம் ஏறுபவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் அனுமதி ஜனவரி 5-ஆம் தேதி முடிகிறது. பொங்கலுக்கு அந்தத் தேதிக்கு முன்பே ஊருக்குப் போய் 18-ஆம் தேதி திரும்ப டிக்கெட் எடுத்திருக்கிறீர்கள். புறப்படும்போது எல்லாம் சரியாகவே இருக்கும், யாரும் தடுக்க மாட்டார்கள். ஊரில் இருக்கும்போது நடுவில் அனுமதி முடிந்துவிடும். ஆகவே பார்க்க வேண்டியது நீங்கள் திரும்பி வரும் தேதியைத்தான். காலாவதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் இந்த உதாரணத்தில் அக்டோபரிலேயே வேலையை முடித்திருக்கலாம். சிங்பாஸ் எனும் அரசாங்க மின்னிலக்க அடையாளக் கணக்கு மூலம், குடிநுழைவு, சோதனைச்சாவடி ஆணையமான ஐசிஏவின் இணையத்தளத்துக்குள் போய் விண்ணப்பிக்க வேண்டும். வேலை, வருமான விவரங்களைக் கேட்பார்கள். வேலை இல்லாத சமயத்தில் விண்ணப்பிப்பவர்கள் கூடுதல் கேள்விகளுக்கும் குறைந்த கால அனுமதிக்கும் தயாராக இருப்பது நல்லது. கணவன், மனைவி, பிள்ளை ஒவ்வொருவருக்கும் தனி அனுமதி, எனவே தேதிகளையும் தனித்தனியே பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த ஒரு மாற்றத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். செல்லுபடியாகும் மறுநுழைவு அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் இருக்கும் பிஆருக்கு, அதற்கு விண்ணப்பிக்க 180 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் விண்ணப்பிக்காவிட்டால் பிஆர் போய்விடும். விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டாலும் அதே கதிதான். "ஆறு மாசம் டைம் கொடுத்திருக்காங்க" என்று இதைச் சிலர் விடுமுறைச் சலுகை போலப் பேசுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவகாசம் விண்ணப்பிக்கத்தான். கிடைக்கும் என்ற உறுதியை யாரும் தரவில்லை.

ஊரில் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று திடீரென்று போன் வருகிறது, அனுமதியோ முடிந்திருக்கிறது. அப்போது மருத்துவமனைக் கடிதம் போன்ற ஆதாரத்தோடு ஐசிஏவிடம் அவசரத்தை எடுத்துச் சொல்லிக் கேட்பதுதான் முதல் வேலை. டிக்கெட் அதற்குப் பிறகு.

நம் ஆட்கள் அதிகம் தவறவிடுவது பாஸ்போர்ட். மறுநுழைவு அனுமதி உங்கள் பாஸ்போர்ட் எண்ணோடு இணைக்கப்பட்டிருக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும். பயணத்துக்கு முன்பே புது விவரத்தை ஐசிஏவிடம் பதிந்துவிடுங்கள். திருச்சி விமான நிலையத்தில் வரிசையில் நின்றுகொண்டு இதை விளக்குவது பெரும்பாடு. இந்தியப் பாஸ்போர்ட்காரர் சிங்கப்பூருக்குள் வர விசா தேவை என்பதால், செல்லுபடியாகும் அனுமதி கணினியில் தெரியாவிட்டால் செக்-இன் கவுண்டரிலேயே நிறுத்திவிடக்கூடும். அச்சிட்ட நகல் ஒன்று பையில் இருக்கட்டும்.

பிஆர் இல்லாமல் எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ் எனும் வேலை அனுமதிகளை வைத்திருப்பவர்களுக்கு இது மனிதவள அமைச்சின் விவகாரம். புதுப்பிக்க விண்ணப்பிப்பவர் முதலாளி. இந்த இரண்டு பாஸையும் காலாவதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே புதுப்பிக்கலாம். இங்கே கவனிக்க வேண்டியது, ஒப்புதல் வந்ததோடு வேலை முடிவதில்லை என்பது. நிறுவனம் கட்டணம் கட்டிப் பாஸை வெளியிட வேண்டும். "அப்ரூவ் ஆயிடுச்சு" என்று எச்ஆர் சொன்னால், "இஷ்யூ பண்ணியாச்சா?" என்று இன்னொரு கேள்வி கேளுங்கள். அட்டையின் கியூஆர் குறியீட்டை எஸ்ஜி ஒர்க்பாஸ் செயலியில் ஸ்கேன் செய்தால் பாஸின் நிலை தெரிந்துவிடும். குடும்பத்தினருக்கான டிபெண்டன்ட் பாஸில் இருக்கும் மனைவி, பிள்ளைகளின் பாஸ் உங்களுடையதைச் சார்ந்தது. உங்களுடையது புதுப்பிக்கப்பட்டதும் அவர்களுடையதும் முடிந்துவிட்டதா என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்.