அரை ஆயுள் கணக்கை மட்டும் நம்பாதீர்கள்

பழம்பொருளின் வயதைச் சொல்லும் கார்பன்-14 அறிக்கை கைக்கு வந்ததும் பலர் கால்குலேட்டரைத் தேடுகிறார்கள். 2450±30 பி.பி. (Before Present, 'இன்றைக்கு முன்') என்று இருந்தால், நடப்பு ஆண்டிலிருந்து 2450-ஐக் கழித்து ஒரு கி.மு. ஆண்டைக் கட்டுரையில் போட்டுவிடுகிறார்கள். அந்த ஆண்டு சரியாக இருக்க வாய்ப்பு குறைவு.

பி.பி. கணக்கு 1950-ஐத்தான் 'இன்று' என்று வைத்துக்கொள்கிறது. அது சின்ன விஷயம். அரை ஆயுளுக்கு, அதாவது கார்பன்-14 சிதைந்து பாதியாக ஆகும் காலத்துக்கு, வருவோம். பாடப்புத்தகத்தில் 5730 ஆண்டுகள் என்று படித்திருப்பீர்கள். ஆய்வகங்களோ இந்த முறையை உருவாக்கிய வில்லார்ட் லிப்பி காலத்து 5568-ஐ வைத்தே இன்றும் கணக்கிடுகின்றன. பழைய அறிக்கைகளோடு ஒப்பிட வசதியாக இருக்கட்டும் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு இது. இதைத் 'திருத்துகிறேன்' என்று 1.03-ஆல் (5730 ÷ 5568) பெருக்கி, அப்புறம் பி.பி. வயதை உண்மை ஆண்டாக மாற்றும் அளவுத்திருத்த வளைவிலும் வைத்தால், திருத்தம் இரண்டு முறை நடந்துவிடும்.

மாதிரியில் கார்பன்-14 கால்பங்குதான் மிச்சம் என்று வையுங்கள். இரண்டு அரை ஆயுள் கடந்திருக்கிறது. 5730-ஐ வைத்தால் 11,460 ஆண்டு, 5568-ஐ வைத்தால் 11,136. வளைவில் வைத்துப் பார்த்தால் உண்மை வயது ஏறக்குறைய 13,000! சிதைவு வேகம் மாறவில்லை. தொடக்க அளவுதான் மாறியிருக்கிறது. பூமியின் காந்தப்புலமும் சூரியனின் செயல்பாடும் ஏறி இறங்க, காற்றில் கார்பன்-14-உம் கூடிக் குறைந்திருக்கிறது. சூத்திரத்துக்கு அது தெரியாது. வயது தெரிந்த மரவளையங்களை அளந்து கட்டிய வளைவுக்குத் தெரியும்.

அந்த 2450 இருக்கிறதே, அது இன்னும் சிக்கலானது. ஏறக்குறைய கி.மு. 800 முதல் 400 வரை வளைவு தட்டையாகக் கிடக்கிறது; அதாவது வெவ்வேறு ஆண்டுப் பொருட்களும் ஏறக்குறைய ஒரே பி.பி. வயதைக் காட்டும். ±30 என்ற அழகான அளவீடு கி.மு. 750-க்கும் 400-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். "இன்னொரு முறை அளந்து பாருங்களேன்" என்று கேட்பார்கள். பெரிதாகப் பயன் இருக்காது. அடுத்தடுத்த மண் அடுக்குகளிலிருந்து மாதிரிகளைக் கொடுத்தால், அவற்றின் வரிசையை வைத்து எல்லையைக் குறுக்க முடியும்.

மாசு தனிக் கதை. கார்பன்-14 அறவே இல்லாத நிலக்கரியில் 1 சதவீதம் இன்றைய கார்பன் கலந்தாலே, அது 37,000 ஆண்டுப் பழையது என்று அறிக்கை வரும்.

ஆகவே கட்டுரையில் ஆய்வக எண், திருத்தாத பி.பி. வயது, பயன்படுத்திய வளைவு, கிடைத்த ஆண்டு வரம்பு நான்கையும் எழுதுங்கள். நாளை வளைவு புதுப்பிக்கப்பட்டால், வேறொருவர் மறுபடி கணக்கிட அவை போதும்.