தேனீக் குடலும் டெட்ராசைக்ளினும்

கூட்டுப்புழுப் பருவம் முடிந்து, மெழுகு மூடியைக் கடித்துக்கொண்டு வெளியே வரும் பணித் தேனீயின் குடலில் பாக்டீரியாக்கள் அநேகமாக இருப்பதில்லை. ஒரு வாரத்துக்குள் கோடிக்கணக்கில் குடியேறிவிடும். மூத்த தேனீக்களோடு பழகுவதாலும், அவற்றின் எச்சம் பட்ட அடையில் ஊர்ந்து திரிவதாலும் அவை வந்து சேர்கின்றன. பிறந்ததும் பிரித்தெடுத்துத் தனியே வளர்த்தால், வழக்கமான அந்தக் கூட்டம் குடலில் அமைவதே இல்லை.

மனிதக் குடலில் நூற்றுக்கணக்கான இனங்கள் உண்டு. தேனீயில் ஐந்தே குழுக்கள்தாம் பெரும்பகுதியை நிரப்புகின்றன. ஸ்நோட்கிராசெல்லா ஆல்வி பின்குடலின் சுவரோடு ஒட்டிப் படலமாகப் படர்ந்து, அங்கே கசியும் ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்கிறது. ஆக்சிஜன் இல்லாத உட்பகுதியில் மற்ற பாக்டீரியாக்கள் செழிக்கின்றன. அவற்றுள் கில்லியமெல்லா, தேனீயால் தானாகச் செரிக்க முடியாத, மகரந்தச் சுவரில் உள்ள பெக்டின் என்னும் பொருளைச் சிதைக்கிறது. இப்படி மகரந்தம் நொதிக்கும்போது உண்டாகும் அமிலங்கள் தேனீக்கு உணவாகின்றன. தேனீயின் நோய் எதிர்ப்பைத் தூண்டிவிடுவதிலும் இந்தப் பாக்டீரியாக்களுக்குப் பங்குண்டு.

தேனீயைத் தாக்கும் தீய பாக்டீரியாக்களில் கொடியது பேனிபேசில்லஸ் லார்வே. அமெரிக்கப் புழு அழுகல் நோயைத் தருவது இதுதான். வளர்ந்த தேனீயை இது ஒன்றும் செய்யாது. பொரித்து ஓரிரு நாளே ஆன புழுவுக்கு இந்தப் பாக்டீரியாவின் சில வித்துகள் (உறை போர்த்தி உறங்கும் வடிவம்) போதும், உள்ளே பெருகித் திசுக்களைக் கரைத்துவிடும். இறந்த புழுவைத் தீக்குச்சியால் தொட்டு இழுத்தால் பழுப்பு நிறத்தில் நூலாக நீளும். வித்துகளோ 35 ஆண்டுக்கு மேலும் உயிர்ப்போடு கிடக்கும்.

அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக இதற்கு டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர்க்கொல்லியான ஆக்சிடெட்ராசைக்ளின் கொடுத்து வந்தார்கள், பல இடங்களில் நோய் வருமுன்பே. அந்த மருந்து பெருகும் பாக்டீரியாவைத்தான் அடக்கும், வித்தைத் தொடாது. நோய் மறைந்தது போலத் தெரியுமே தவிர, பெட்டி சுத்தமாவதில்லை.

குடலில் என்ன நடந்தது என்பதை ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி மோரன் குழுவினர் 2017இல் காட்டினார்கள். சில தேனீக்களுக்கு ஐந்து நாள் டெட்ராசைக்ளின் கலந்த சர்க்கரைப் பாகும், சிலவற்றுக்கு வெறும் பாகும் கொடுத்து, வண்ணப் பொட்டு வைத்துக் கூட்டில் விட்டார்கள். மூன்றாம் நாள் பார்த்தபோது மருந்து உண்ணாதவற்றில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சியிருந்தன. உண்டவற்றில் மூன்றில் ஒரு பங்குதான். குடலின் நல்ல பாக்டீரியாக்கள் குறைந்துபோயின. செராட்டியா போன்ற, சமயம் பார்த்துத் தாக்கும் கிருமிகளுக்கு அந்தத் தேனீக்கள் எளிதில் பலியாயின. நோய் புழுவுக்கு, விலை கொடுப்பது வளர்ந்த தேனீ. இந்தக் கணக்கை நோயில்லாத பெட்டிக்கும் மருந்து ஊற்றுகிறவர்கள் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டும். 2017 தொடக்கத்திலிருந்து அமெரிக்காவில் கால்நடை மருத்துவர் அனுமதியின்றித் தேனீக்கு இம்மருந்தைத் தர முடியாது.

நம் பக்கத்தில் பேரழிவு வேறு வழியில் வந்தது. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீப் பெட்டிகளைக் காலி செய்தது தாய்லாந்து சாக்புரூட் என்னும், புழுக்களைக் கொல்லும் வைரஸ். வைரஸிடம் டெட்ராசைக்ளின் எடுபடாது. புழுக்கள் சாகும் பெட்டியைப் பார்த்ததும் மருந்தைத் தேடாமல், நோய் எது என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். அதுவரை அந்தப் பெட்டியின் அடைகளை அடுத்த பெட்டிக்கு மாற்றக் கூடாது.