ரிங்ஃபோர்ட்: கோட்டையா, வளையரணா?

அயர்லாந்தின் மேய்ச்சல் நிலங்களில் புல் மூடிக் கிடக்கும் வட்டமான மண்கரைகளுக்கு ஆங்கிலத்தில் ‘ரிங்ஃபோர்ட்’ என்று பெயர். தமிழில் ‘வட்டக்கோட்டை’ என்று எழுதத்தான் முதலில் கை போகும். போகக் கூடாது என்பேன். கன்னியாகுமரி அருகே அதே பெயரில் ஒரு கடற்கரைக் கோட்டை இருப்பது ஒரு காரணம். கோட்டை என்றதும் படையும் கொத்தளமும் மனத்தில் எழுந்துவிடுவது பெரிய காரணம்.

இங்கே வாழ்ந்தது படை அல்ல, குடும்பம். பெரும்பாலானவை கி.பி. 500-க்கும் 1000-க்கும் இடைப்பட்டவை. ஏறத்தாழ 30 மீட்டர் குறுக்களவுள்ள நிலத்தைச் சுற்றி அகழி வெட்டி, வெட்டிய மண்ணை உட்புறம் கரையாகக் கொட்டினார்கள். நடுவில் வீடு. மாடுதான் செல்வம் என்றிருந்த அந்தச் சமூகத்தில் மாடு கவர்வோரிடமிருந்து காத்துக்கொள்ள இந்தக் கரை போதுமானதாக இருந்தது. வட அயர்லாந்தின் ஆண்ட்ரிம் பகுதியில் டியர் பார்க் ஃபார்ம்ஸ் என்ற இடத்தை 1980-களில் அகழ்ந்தபோது, ஈர மண்ணுக்குள் பிரம்புக்கூடை போல் முடைந்த வீட்டுச் சுவர்கள் மட்காமல் கிடைத்தன. கூடவே ஓக் மரத்தாலான ஒரு வாசல்நிலை. அதன் வளர்ச்சி வளையங்களை எண்ணி, மரம் வெட்டப்பட்ட ஆண்டு கி.பி. 648 என்று கணித்தார்கள். ஒரு வீட்டின் வாசல் அது.

ஐரிஷ் மொழி இவற்றை ஒரே பெயரில் அடைக்கவில்லை. மண்கரை உள்ளது ‘ராத்’. கரை சூழ்ந்த வெளி ‘லிஸ்’. கல்லால் எடுத்தது ‘கேஷல்’. இது லத்தீனின் ‘காஸ்டெல்லும்’ வழி வந்தது. மேற்கே கற்சுவர் உள்ளதைக் ‘கஹர்’ என்பார்கள். இன்றைய ஐரிஷில் அதே சொல்லுக்கு நகரம் என்று பொருள். டப்ளினின் ராத்மைன்ஸ், வாட்டர்ஃபோர்டின் லிஸ்மோர் எல்லாம் இந்தச் சொற்களைச் சுமக்கும் ஊர்ப்பெயர்களே. லிஸ்மோர் என்றால் பெரிய லிஸ்.

தமிழுக்கு என் பரிந்துரை ‘வளையரண்’. மதிலோ மண்கரையோ முள்வேலியோ, காப்பது எதுவானாலும் அரண்தான். ராத்தை மண்ணரண் என்றும் கேஷலைக் கல்லரண் என்றும் பிரித்துச் சொல்லவும் இது இடம் தருகிறது.

பெயரில் இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்றால், கோட்டையைத் தேடி வருபவர் கண்ணுக்கு இது வெறும் மேடாகத்தான் படும். மேடு என்றால் உழுது நிரவிவிடலாம் அல்லவா? நீண்ட காலம் அதைத் தடுத்தது அச்சம். மாயக் குறுமக்கள் குடியிருக்கும் இடம் என்று நம்பி, கரைமேல் வளர்ந்த முட்செடியைக்கூட உழவர்கள் வெட்டவில்லை. இயந்திரங்கள் வந்த பிறகு ஏராளமானவை அழிந்தன. இன்று அயர்லாந்துக் குடியரசாக இருக்கும் நாட்டில் 1930-இல் தேசிய நினைவுச்சின்னங்கள் சட்டம் வந்தது. பதிவேட்டில் உள்ள சின்னத்தில் கைவைக்க நினைப்பவர் இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 1994-இன் திருத்தம் விதித்தது. சொந்த நிலத்துக்குள் இருக்கும் மண்ணரணுக்கும் அந்த விதி பொருந்தும்.